கிதாருக்குச் சுருதிப் பொறி வந்த கதை

ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் பழைய கிதார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நைலான் தந்தி பூட்டிய கிதார். 'கிளாசிகல் கிதார்' என்பார்களே, அந்த வகை. அவருடைய தாத்தா வாசித்தது. "சார், இரண்டாம் தந்தி சுருதியில் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடுகிறது. கடையில் காட்டினேன். கீ தேய்ந்துபோய்விட்டது, செட்டோடு மாற்ற வேண்டும் என்கிறார்கள்" என்றார்.

கிதாரின் தலையில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு குமிழ்கள் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குமிழைத் திருகினால் ஒரு சிறு பற்சக்கரம் சுழலும். அதனோடு சேர்ந்த உருளையில் தந்தி சுற்றிக்கொள்ளும். கடைக்காரர்கள் 'கீ' என்று சொல்வது இதைத்தான். இந்தக் கட்டுரையில் இதைச் சுருதிப் பொறி என்று அழைப்போம்.

சோனாமீட்டரையும் இழுவிசையையும் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிற எனக்கு இது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. புதிய பொறி வாங்கி வரச் சொன்னேன். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தால் உட்கார மறுத்தது. பழையதில் உருளைக்கு உருளை 38 மில்லிமீட்டர், புதியதில் 35. சிறிதும் யோசிக்காமல் துளைக்கருவியை எடுத்து, ஓரத்துத் துளைகளை மூன்று மில்லிமீட்டர் உட்பக்கமாக அகலப்படுத்தினேன். பொறி உட்கார்ந்தது. தந்தி மாட்டினோம், சுருதி சேர்த்தோம். பத்தே நிமிடத்தில் அதே இரண்டாம் தந்தி இறங்கியது!

குற்றவாளி பொறியே அல்ல. கிதாரின் அடிப்பக்கத்துப் பாலத்தில் தந்தியைக் கட்டியிருந்த முடிச்சு. நைலான் வழுவழுப்பானது. முடிச்சின் கடைசி வளையம் சரியான இடத்தில் மடங்காவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். முடிச்சை மாற்றிப் போட்டதும் தந்தி நின்றுவிட்டது. ஆனால் துளைத்த மரம் துளைத்ததுதான்.

அந்த வெட்கத்தில்தான் இந்தப் பொறி யார் கையிலிருந்து கிதாருக்கு வந்தது, எதற்காக வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். சுருதிப் பொறியின் வரலாறு வாத்தியம் செய்பவர்களின் வரலாறாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அது பெரும்பாலும் தந்தியின் வரலாறாகவும் கடிகாரப் பட்டறையின் வரலாறாகவும் இருந்தது.

பிருடையின் சங்கடம்

வீணையிலும் வயலினிலும் உள்ள பிருடை உங்களுக்குப் பழக்கமானது. சற்றே கூம்பிய மரக்கட்டை, அதே சரிவில் கடைந்த துளை, அவ்வளவுதான். அதை நிறுத்திவைப்பது உராய்வு. இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. தந்தி இழுக்கும்போது பிருடை அசையாமல் நிற்க உராய்வு மிகுதியாக வேண்டும்; நாம் திருப்பும்போது எளிதில் சுழல உராய்வு குறைவாக வேண்டும். இரண்டு வேலைக்கும் இருப்பது ஒரே உராய்வு. போதாக்குறைக்கு, நிலையாக நிற்கும்போது உள்ள உராய்வு நகரும்போது உள்ள உராய்வைவிடப் பெரியது. ஆகவே பிருடையை மெல்ல மெல்ல அழுத்துகிறோம், நகர மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறோம், கிரீச்சென்று நகர்ந்து வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. மழைக்காலத்தில் மரம் ஊதி இறுகும். வெயிற்காலத்தில் சுருங்கி வழுக்கும்.

பழைய ஐரோப்பாவில் லூட் என்ற வாத்தியம் கொடிகட்டிப் பறந்தது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட தந்திகள் இருந்தது உண்டு, அத்தனைக்கும் பிருடைகள். எண்பது வயது வாழ்ந்த லூட் கலைஞர் அதில் அறுபது ஆண்டுகளைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று 1713இல் ஜெர்மானிய இசையறிஞர் யோஹான் மத்தேசன் கேலி செய்தார். கேலி செய்தார்களே தவிர, யாரும் பிருடையை மாற்றவில்லை. ஏன்? பற்சக்கரம் செய்யத் தெரியாமலா? ஊர்தோறும் கோபுரக் கடிகாரங்கள் ஓடிய காலம் அது. உண்மையான காரணம், லூட்டின் தந்திகள் ஆட்டுக்குடல் நரம்பால் ஆனவை என்பது.

இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கணக்கு கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது பள்ளியில் படித்த விதி. ஷட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் வரை உள்ள தூரத்தை அரைச்சுரம் என்று கொள்வோம். அவ்வளவு உயர அதிர்வெண் ஏறத்தாழ 6 சதவீதம் கூட வேண்டும். அதற்கு இழுவிசை 12 சதவீதம் கூட வேண்டும். ஹூக் விதிப்படி, தந்தி ஏற்கனவே எவ்வளவு நீண்டிருக்கிறதோ அந்த நீட்சியில் இன்னும் 12 சதவீதம் நீள வேண்டும். ஆக, எல்லாம் தந்தி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எஃகின் யங் குணகம் நரம்பினுடையதைப் போல முப்பது மடங்குக்கும் மேல். அடர்த்தியோ ஆறு மடங்கு. அதனால் ஒரே நீளத்தில் ஒரே சுருதிக்கு எஃகில் ஆறு மடங்கு தகைவு தேவைப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே நீளத்தில், ஒரே சுருதியில், எஃகுக் கம்பி நரம்பைவிட ஐந்தாறு மடங்கு குறைவாகவே நீண்டிருக்கும். (தந்தியின் பருமன் இந்தக் கணக்கில் வராது. நம்பிக்கையில்லாதவர்கள் போட்டுப் பார்க்கலாம். எனக்கும் முதலில் வியப்பாகத்தான் இருந்தது.)

42 சென்டிமீட்டர் நீளமுள்ள தந்தி ஒன்று விநாடிக்கு 392 அதிர்வுகள் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நரம்பானால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். எஃகானால் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அரைச்சுரம் உயர்த்த நரம்பை 1.2 மில்லிமீட்டர் இழுக்க வேண்டும், எஃகை 0.2 மில்லிமீட்டர் இழுத்தால் போதும். பிருடையின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்றால், நரம்புக்குப் பிருடையை 17 பாகை திருப்ப வேண்டும். எஃகுக்கு 3 பாகை. நம் காதோ அரைச்சுரத்தில் இருபதில் ஒரு பங்கு பிசகையும் கண்டுபிடித்துவிடும். அப்படியானால் எஃகுத் தந்திக்குப் பிருடையை ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்கு துல்லியத்தோடு நிறுத்த வேண்டும். கிரீச்சென்று தாவுகிற மரக்கட்டையால் அது ஆகிற காரியமா?

இதே தொல்லையை நம் வாத்தியங்களிலும் காணலாம். வயலினில் எஃகுத் தந்திக்கு மட்டும் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய திருகு வைத்திருப்பார்கள். 'ஃபைன் டியூனர்' என்பது அதற்குப் பெயர். உலோகத் தந்திகள் கொண்ட நம் வீணையில் நாகபாசத்தில் கட்டிய லங்கர்களின் மேல் சிறு வளையங்களை நகர்த்திச் சுருதியைத் திருத்துகிறார்கள். தம்புராவில் மணிகள். பிருடையால் முக்கால் வேலை, மீதிக்கு வேறொரு சாதனம். கேள்வி ஒன்றுதான், ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை கண்டது.

லண்டன் சீமாட்டிகளும் கடிகாரச் சாவியும்

மேலே 42 சென்டிமீட்டர், 392 அதிர்வு என்று நான் எடுத்துக்கொண்டது மனம்போன கணக்கு அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் ஒரு வாத்தியம் பெரும் மோகத்தைக் கிளப்பியது. அதையும் அவர்கள் 'கிட்டார்' என்றே அழைத்தார்கள். ஆனால் இன்றைய கிதாரைப் போல எட்டு வடிவ உடல் கிடையாது. பேரிக்காய் வடிவம், உலோகக் கம்பிகள். பத்துக் கம்பிகள், நான்கு ஜோடி, இரண்டு தனி. ஒன்றையும் அழுத்தாமல் மொத்தமாக மீட்டினாலே இனிமையான ஒரு சுரக்கூட்டு வரும்படி சுருதி சேர்த்திருப்பார்கள். அதனால் கொஞ்சம் பழகினாலே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம். சீமாட்டிகளுக்கு வேறென்ன வேண்டும்?

ஹார்ப்சிகார்டு என்ற பெரிய வாத்தியம் செய்து விற்ற லண்டன் வியாபாரி கர்க்மன் இந்த மோகத்தால் தம் விற்பனை படுத்துப்போனதைக் கண்டாராம். மலிவான கிட்டார்களை வாங்கி, தொப்பிக் கடைப் பெண்களுக்கும் தெருப் பாடகர்களுக்கும் இலவசமாகக் கொடுத்து, இரண்டொரு சுரக்கூட்டுகளும் கற்றுக்கொடுத்தாராம். தெருவில் எல்லோரும் வாசிப்பதைப் பார்த்த சீமாட்டிகள் வெட்கப்பட்டு மறுபடியும் ஹார்ப்சிகார்டுக்கே திரும்பினார்கள் என்பது இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி சொல்லிவைத்த கதை. வியாபாரத் தந்திரம் அன்றைக்கும் இருந்திருக்கிறது!

நமக்கு வேண்டியது அந்த வாத்தியத்தின் தலை. கம்பி குட்டை, அதுவும் உலோகம், வாசிப்பவரோ பழக்கமில்லாதவர். மூன்று பாகைக்குள் அரைச்சுரம் அடங்கிவிடும் பிருடையை அவரிடம் கொடுத்தால் கம்பி அறுந்துகொண்டே இருக்கும். லண்டனைச் சேர்ந்த ஜான் பிரஸ்டனின் பெயரால் வழங்கும் பொறி இதற்கு விடையாக வந்தது. பிருடையையே தூக்கி எறிந்துவிட்டார்கள். தலையில் பித்தளைப் பெட்டி ஒன்று. அதில் நீளமான பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் கொக்கியோடு ஒரு சிறு நகர்த்தி. அதன் ஊடே மெல்லிய திருகு. கொக்கியில் கம்பியை மாட்டி, திருகின் சதுர முனையில் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் அதே மாதிரியான சாவியைப் பொருத்தித் திருப்பினால் கொக்கி மெல்ல மேலே ஏறும். திருகின் புரியிடைத் தூரம் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.2 மில்லிமீட்டர் இழுக்க 150 பாகை திருப்ப வேண்டும். பிருடையில் 3 பாகை, இங்கே 150! நடுங்கும் கைக்கும் சுருதி சேர்ந்துவிடும்.

இந்தப் பொறி பிரிட்டனில் மறைந்தது. ஆனால் உலகில் மறையவில்லை. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் திராட்சை மது வாணிகம் செய்த ஆங்கிலேயர்கள் வழியாக அந்த வாத்தியம் அங்கே போய்ச் சேர்ந்தது. 1796இல் போர்ட்டோவில் அந்தோனியோ டா சில்வா லெய்ட்டி அதற்கு ஒரு பாடநூலே வெளியிட்டார். இன்று ஃபாடோ பாடல்களுக்கு வாசிக்கப்படும் போர்ச்சுகீசிய கிதாரின் தலையில், விசிறி போல விரிந்த பித்தளைத் தகட்டில், பன்னிரண்டு திருகுகள் நிற்கின்றன. சாவிக்குப் பதில் குமிழ் வந்ததைத் தவிர, வேலை செய்யும் முறை லண்டன் சீமாட்டிகளின் பொறிதான்.

முடிவிலாத் திருகு

ஆனால் இன்றைய கிதாரில் உள்ளது பிரஸ்டனின் நேர்த்திருகு அல்ல. அந்தத் திருகு பள்ளத்தின் நீளம் வரைதான் இழுக்கும். அதிகம் நீளாத உலோகக் கம்பிக்கு அது போதும். பல சென்டிமீட்டர் இழுக்க வேண்டிய நரம்புக்குப் போதாது. எவ்வளவு திருப்பினாலும் முடிவே இல்லாத திருகு ஒன்று வேண்டும்.

அப்படி ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கத்தான் செய்தது. ஒரு திருகின் புரியை ஒரு பற்சக்கரத்தின் பற்களோடு பொருத்திவிட்டால், திருகு ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு பல் நகரும். பதினாறு பல் சக்கரமானால், பதினாறு சுற்றுக்கு ஒரு சுற்று. இதைப் பழைய நூல்கள் முடிவிலாத் திருகு என்கின்றன. தொழிற்கூடத்தில் 'வோர்ம்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கண்டுபிடித்தவர் ஆர்க்கிமிடீஸ் என்பது மரபு. அலெக்சாந்திரியாவின் ஹீரோன் தம் இயந்திரவியல் நூலில் இதைக் கொண்டு பெருஞ்சுமையைத் தூக்கும் கருவியை விவரிக்கிறார். கிரேக்க மூலம் பெரும்பாலும் அழிந்து, நூல் அரபு மொழிபெயர்ப்பில்தான் நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. நம் நாட்டிலும் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பழைய மரக் கருவியில், இரண்டு உருளைகளையும் எதிரெதிராகச் சுற்றவைக்க மரத்திலேயே செதுக்கிய புரிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இது கடிகாரக்காரர்களுக்கும் கருவி செய்பவர்களுக்கும் அன்றாடச் சரக்கு. பழைய கைக்கடிகாரங்களில் சுருள்வில்லின் தொடக்க இறுக்கத்தைச் சரிசெய்ய ஒரு குட்டி முடிவிலாத் திருகு இருந்தது. கடலோடிகளின் செக்ஸ்டண்டு வில்லில் பாகைக் கோடுகள் போடுவதற்காக ஜெஸ்ஸி ராம்ஸ்டன் ஓர் இயந்திரம் செய்தார். அதன் விவரம் 1777இல் அச்சில் வந்தது. 45 அங்குலச் சக்கரம், ஓரத்தில் 2,160 பற்கள், அவற்றைக் கவ்வும் ஒரு திருகு. திருகு ஆறு சுற்றுச் சுற்றினால் சக்கரம் சரியாக ஒரு பாகை திரும்பும். கப்பலின் இடத்தைக் கணிக்கத் தேவைப்பட்ட நுட்பத்தோடு ஒப்பிட்டால், ஒரு தந்தியைச் சுருதியில் நிறுத்துவது விளையாட்டு வேலை.

இந்தத் திருகை வாத்தியத்தில் வைத்த பெருமை வழக்கமாகப் பெர்லினின் பாக்மன் குடும்பத்துக்குக் கொடுக்கப்படுகிறது, ஆண்டு 1778. வைத்தது கிதாரில் அல்ல, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸில். அங்கே பிரச்சினை நுட்பம் அல்ல, பலம். விரல் பருமனை நோக்கிப் போகும் தந்தி; இழுவிசை ஏறத்தாழ 25 கிலோ எடை; பிருடையும் தடி போன்றது. கிதார் தந்தியைவிடப் பத்து மடங்கு திருப்புத்திறன் வேண்டும். மனிதக் கைக்கு அது கஷ்டம். ஆக, நீளாத கம்பிக்கு முதல் பொறி. அடங்காத நரம்புக்கு இரண்டாம் பொறி. நரம்புத் தந்தி கட்டிய கிதாருக்கு இரண்டு கஷ்டமும் அவ்வளவாக இல்லை. அதனால்தான் அது கடைசியில் வந்து வரிசையில் நின்றது என்பது என் எண்ணம்.

வீணாகும் உழைப்பே காவல்

இங்கே சற்று நின்று, இந்தத் திருகு எப்படிப் பிருடையின் சங்கடத்தைத் தீர்த்தது என்று பார்ப்போம். என் மனத்துக்குப் பிடித்த பகுதி இது.

திருகு என்பது உருளையில் சுற்றிய சாய்தளம். சாய்வு மிகக் குறைவாக இருந்தால் அதன் மேல் வைத்த பொருள் உராய்வாலேயே நின்றுவிடும், சறுக்காது. கிதார்ப் பொறியின் புரிச்சாய்வு பொதுவாக ஐந்தாறு பாகைதான். எஃகின் மேல் பித்தளை சறுக்க அதைவிடக் கூடுதலான சாய்வு வேண்டும். ஆகவே திருகு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் திருகைச் சுழற்றவே முடியாது. தந்தி என்னதான் இழுத்தாலும் அந்த இழுப்பு திருகைத் திருப்பாமல் பக்கவாட்டில் தள்ளுவதோடு சரி. குமிழிலிருந்து கையை எடுத்துவிடலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. இப்படித் தானே பூட்டிக்கொள்ளும் எந்தத் திருகிலும், நாம் போடும் உழைப்பில் பாதிக்கும் மேல் உராய்வில் வீணாகிவிடும். இயந்திரப் பொறியாளர் முகம் சுளிப்பார். கிதார்க்காரருக்கோ அந்த வீண்தான் தேவை. பிருடையில் உராய்வு தந்தியின் முழு இழுப்பையும் நேருக்கு நேர் தாங்க வேண்டியிருந்தது. இங்கே சாய்தளத்தில் சறுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். தாங்கும் வேலையும் திருப்பும் வேலையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதில்லை.

வியன்னாவிலிருந்து நாசரேத் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் கிதாருக்கும் இந்தப் பொறி வந்தது. வியன்னாவின் யோஹான் கியோர்க் ஸ்டவ்ஃபர் (1778–1853) ஆறு குமிழ்களையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்தார்; பற்சக்கரங்களை அழகிய தகட்டுக்குள் மறைத்தார். அவரிடம் வேலை பார்த்த சி. எஃப். மார்ட்டின் 1833இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் தொழிலை நிலைநாட்டினார். அவருடைய ஆரம்பகாலக் கிதார்களின் தலை ஸ்டவ்ஃபருடையதைப் போலவே இருக்கும். 1950இல் லியோ ஃபெண்டர் மின்கிதார் விற்கத் தொடங்கியபோது மறுபடியும் ஆறு குமிழ்கள் ஒரே வரிசையில் தோன்றின.

லண்டனில் லூயி பனோர்மோ ஸ்பானிய பாணிக் கிதார்கள் செய்தார். அவற்றில் பல, பேக்கர் என்பவர் பட்டறையில் செய்த பொறிகளைத் தாங்கியவை. கொடிவேலை செதுக்கிய பித்தளைத் தகடு, நேர்த்தியான பற்கள். வாத்தியம் ஒருவர் வேலை, பொறி இன்னொருவர் வேலை என்ற பிரிவினை அங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஸ்பெயின் மட்டும் அவசரப்படவில்லை. இன்றைய கிளாசிகல் கிதாரின் வடிவத்தை நிலைப்படுத்திய அந்தோனியோ டி டோரஸ் (1817–1892) பிருடை வைத்தும் செய்தார், பொறி வைத்தும் செய்தார். ஃபிளமெங்கோ கிதார்களில் சிலவற்றுக்கு இன்றும் மரப் பிருடைதான். தலை கனக்காமல் இருக்கும் என்பார்கள். நரம்புத் தந்திக்குப் பிருடை போதும் என்று நம் கணக்கு சொன்னதே, அது சரிதான். பின் ஏன் மற்றவர்கள் மாறினார்கள்? வியன்னாவிலும் லண்டனிலும் கிதாரை வாங்கியவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்காக வாசித்த நடுத்தர வகுப்பினர். அவர்களுக்கு எளிமை வேண்டியிருந்தது. பளபளக்கும் தகடு பார்வைக்கும் நன்றாக இருந்தது. தேவை பாதி, நாகரிகம் பாதி என்றுதான் சொல்வேன்.

நாகரிகமாக வந்தது பிறகு தேவையாகவே ஆயிற்று. 1938இல் டூபாண்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது. இரண்டாம் உலகப் போரில் ஆட்டுக்குடல் நரம்பு அறுவைசிகிச்சைத் தையலுக்குப் போய்விட, கிதார்க்காரர்கள் தந்திக்குத் திண்டாடினார்கள். நியூயார்க்கில் வாத்தியம் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின், பெரும் கலைஞர் ஆந்த்ரே செகோவியாவின் ஊக்கத்தோடு, 1940களின் இறுதியில் நைலான் தந்திகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நைலானின் குணம் விசித்திரமானது. இழுத்தவுடன் நீண்டுவிட்டு அதோடு நிற்காது; நாள்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே இருக்கும். புதிய தந்தி மாட்டிய முதல் சில நாள்களில் திரும்பத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். அதனால்தான் கிளாசிகல் கிதாரின் உருளை 10 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் பருமனாக இருக்கிறது. எஃகுத் தந்திக் கிதாரில் 6 மில்லிமீட்டர் தண்டு போதும். அடுத்த முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தந்தியின் நீட்சி உருளையின் பருமனில் எழுதப்பட்டிருக்கும். நைலானின் மெல்லிய தந்தியை அரைச்சுரம் ஏற்ற ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று. எஃகுக்கு அரைச் சுற்றுக்கும் குறைவு.

தேய்வும் மாற்றும்

எந்த நன்மைக்கும் ஒரு தேய்மானம் உண்டு. எஃகுத் திருகு பித்தளைச் சக்கரத்தை உரசிக்கொண்டே இருக்கிறது. மெல்லிய உலோகமான பித்தளை தேய்கிறது. முழு இழுப்பையும் எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு பற்களே தாங்குகின்றன. பல் தேயத் தேயத் திருகுக்கும் பல்லுக்கும் இடையே இடைவெளி விழும். மெக்கானிக்குகள் இதைப் 'பிளே' என்பார்கள். குமிழைத் திருப்புகிறோம், கால் சுற்று ஒன்றுமே நடக்காது, பிறகுதான் சுருதி அசையும். சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்த வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் அந்த இடைவெளி முழுதாகச் சாத்தப்படாமல் நிற்கக்கூடும்; பிறகு வாசிக்கும்போது தந்தி அதை நிரப்பிக்கொண்டு இறங்கும்.

உங்கள் கிதார் இறங்கினால் பொறியை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள். முதலில் பாலத்து முடிச்சு. ஏன் என்று நான் மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் உள்ள வெள்ளைக் கட்டை. அதன் காடியில் தந்தி சிக்கிக்கொண்டால், திருப்பும்போது சுருதி அசையாமல் இருந்து திடீரென்று தாவும். பழி பொறியின் மேல் விழும். பென்சில் கரியைக் காடியில் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்து, பற்சக்கரத்தின் நடுவே உள்ள சிறு திருகாணி தளர்ந்திருக்கிறதா? அதை முடுக்கி, பல்லில் தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள், மரத்தில் படக்கூடாது. இத்தனைக்குப் பிறகும் 'பிளே' இருக்கிறது, பற்களின் முனை கத்திபோலக் கூர்ந்துவிட்டது என்றால்தான் பொறி உண்மையாகவே முடிந்துபோனது.

மாற்றும்போது கடைக்குப் போகுமுன் உருளையின் மையத்திலிருந்து அடுத்த மையம் வரை அளந்துகொள்ளுங்கள். இன்று பெரும்பாலானவை 35 மில்லிமீட்டர். பழைய வாத்தியங்களில் வேறு அளவுகள் சகஜம். உருளையின் விட்டத்தையும் நீளத்தையும் அளக்க மறக்க வேண்டாம். தகட்டை முடுக்கும் முன் உருளைகள் துளையில் தாராளமாகச் சுழல்கின்றனவா என்று பாருங்கள். மரத்தில் உரசினால் புதிய பொறியும் சீக்கிரம் தேயும். திருகாணித் துளைகள் ஒத்துவராவிட்டால் பழைய துளையில் மூங்கில் குச்சியைப் பசையோடு செருகி, காய்ந்தபின் புதிதாகத் துளைக்கலாம். உருளையின் துளையை மட்டும் தொடாதீர்கள்.

அதற்குக் காரணம் மரம் பலவீனமாகும் என்பது மட்டுமல்ல. பழைய கிதார்களை ஆராய்பவர்கள் தலையை எக்ஸ்-கதிரிலும் உருப்பெருக்கியிலும் பார்க்கிறார்கள். மரத்தால் அடைத்த வட்டத் துளைகள் தெரிந்தால், அது முதலில் பிருடையோடு பிறந்து, பிறகு பொறிக்கு மாற்றப்பட்ட கிதார் என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி மாற்றப்பட்டவை ஏராளம். திருகாணித் துளைகள் இரண்டு வரிசையாக இருந்தால், தகடு ஒருமுறை மாறியிருக்கிறது. பொறி எந்தப் பட்டறையினுடையது என்பதைக் கொண்டு வாத்தியத்தின் காலத்தைக் கணிக்கும்போது இந்தத் தடயங்கள் இல்லாவிட்டால் கணிப்பு ஏமாற்றிவிடும். அதனால் நல்ல பட்டறைகளில் பழம் கிதாரின் தேய்ந்த பொறியை எறிவதில்லை. தேய்ந்த சக்கரத்தை மட்டும் அதே அளவில் வெட்டிச் செய்து பொருத்துகிறார்கள்.

என் மாணவரின் தாத்தாவுடைய கிதாரில், 38 மில்லிமீட்டர் என்பது அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பதற்கு இருந்த ஒரு தடயம். உள்ளே ஒட்டியிருந்த சீட்டு எப்போதோ கிழிந்துபோயிருந்தது. தடயத்தை நான் துளைக்கருவியால் கரைத்துவிட்டேன். பிறகு ஒரு தச்சரைக் கொண்டு ஓரத்துத் துளைகளைச் சுற்றிச் சிறு மரவளையங்கள் வைத்து அடைத்தோம். இப்போது பார்த்தால் தெரியாது, எக்ஸ்-கதிரில் தெரியும். பழைய அளவை ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, கிதாரின் வயிற்றுக்குள் ஒட்டச் சொன்னேன். ஒட்டியிருக்கிறார்.

கழற்றிய பழைய பொறியை அவர் எனக்கே கொடுத்துவிட்டார். பல் ஒன்றும் தேயவில்லை. இப்போது அது ஆய்வுக்கூட மேசையின் ஓரத்தில் ஒரு பலகையில் முடுக்கப்பட்டிருக்கிறது. உருளையில் நூல் சுற்றி ஏழு கிலோ எடையைத் தொங்கவிடுவோம்; கிதாரின் ஒரு தந்தி இழுப்பது ஏறத்தாழ அவ்வளவு. எடை அசையாமல் நிற்கும். முதலாண்டு மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து குமிழை இரண்டு விரலால் திருப்பி எடையை மேலே ஏற்றுவார்கள். பிறகு நான் எடையைக் கையால் பிடித்துக் கீழே இழுக்கச் சொல்வேன். நூல் அறுந்ததுண்டு. சக்கரம் இதுவரை ஒரு பல் கூடப் பின்னால் போனதில்லை.